மடுவத்துத் தராசு: முள்ளிலிருந்து இலக்கம் வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் எங்கள் பாடசாலை விஞ்ஞான அறையில் தரம் 11 பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு டிஜிட்டல் தராசு செய்தோம். பெரிய செலவில்லை. 20 கிலோ தாங்கும் ஒரு அலுமினியத் துண்டு, அதற்குப் பெயர் லோட் செல். கட்டைவிரல் அளவில் எச்எக்ஸ் 711 என்ற ஒரு சிறு பலகை. ஒரு ஆர்டுயினோ. மேலே ஒரு பலகைத் தட்டு. கம்பிகளைப் பொருத்தி கம்பியூட்டரில் பார்த்தால் கிலோ வரவில்லை. வெறும் தட்டுக்கே 84,200 என்று ஒரு இலக்கம் வந்தது. ஐந்து கிலோ படிக்கல்லை வைத்ததும் 6,09,200 என்று காட்டியது. அந்த இலக்கங்களைக் கிலோவாக மாற்றுவதற்கு மென்பொருளில் நாங்களே இரண்டு எண்களை எழுத வேண்டியிருந்தது. எழுதியதும் தராசு ஒழுங்காக நிறுத்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மகன் கேட்டான்: "சேர், இந்த நம்பர மாத்தினா தராசு வேற மாதிரி காட்டுமா?"

"காட்டும்."

"அப்ப எங்க மடுவத்துல இருக்கிற தராசுக்கு அந்த நம்பர யாரு சேர் போட்டது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். மீதிப் பாதியில் பலர் நம்முடைய பசார் கடைக்காரர்களின் பிள்ளைகள். அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிச் சமாளித்தோம். ஆனால் அது ஒரு வரியில் முடிகிற கேள்வியல்ல. அதற்குப் பின்னால் இந்த மலைநாட்டின் 150 வருடக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கோப்பிக் காலம். அப்போது பழத்தை நிறுக்கவில்லை, அளந்தார்கள். கணக்கு புசலில். மரப்பெட்டி நிறைந்தால் ஒரு அளவு. பெட்டியைக் குலுக்கி நிரப்புவதா, குவித்து நிரப்புவதா என்பதிலேயே வித்தியாசம் வரும். அதைத் தீர்மானித்தது அளக்கிறவர், பறித்தவர் அல்ல.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து மலையெல்லாம் தேயிலை ஆனது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த வருடம் நானுஓயாவுக்கு. தோட்டத்துக்கு ஆட்களும் அரிசியும் மேலே வந்தன, தேயிலைப் பெட்டிகள் கீழே போயின. நம்முடைய பசார்கள் வளர்ந்ததும் இந்தப் பாதையோடுதான்.

கொழுந்தைப் பெட்டியில் அளக்க முடியாது. அமுக்கினால் அமுங்கும், சூடேறிக் கருகும். ஆகவே நிறுக்க வேண்டும். இப்படித்தான் கொழுந்து மடுவமும் தராசும் தோட்ட வாழ்க்கைக்குள் வந்தன. காலை, பகல், பின்நேரம் என்று கூடைகள் வரிசையாக வரும். சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து இறாத்தல் கணக்கைச் சொல்வார். பக்கத்தில் கொப்பியில் பதிவாகும். கூடைக்காரி அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த நிரைக்கு நடப்பாள். 1970களில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பிறகு இறாத்தல் போய்க் கிலோ வந்தது. எங்கள் மூத்தவர்கள் சிலர் இன்னமும் இறாத்தலில்தான் மனக்கணக்குப் போடுகிறார்கள்.

அந்தத் தராசுக்கு உள்ளே இருந்தது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் விற்றராசு என்று படிக்கிறோமே, அதுதான். இழுவை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்காகும். ரொபர்ட் ஊக் 1678இல் அச்சில் வெளியிட்ட விதி இது. வில் நாள்பட்டால் தளரும், துருப்பிடிக்கும், முள் பூச்சியத்துக்குத் திரும்பாமல் நிற்கும். ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் வெறும் கொக்கியோடு முள் எங்கே நிற்கிறது என்று தெரியும். தராசு பொய் சொன்னால் அந்தப் பொய் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றது. அதைத் தட்டிக் கேட்கத் துணிவு இருந்ததா என்பது வேறு விஷயம்.

நிறுக்கிறவர் மீதான இந்தச் சந்தேகம் தேயிலையோடு பிறந்ததல்ல. நம்முடைய சரித்திரத்திலேயே பழைய உதாரணங்கள் இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டில், உமையாக்கள் காலத்து எகிப்தில், நாணயங்களைச் சரிபார்க்கும் படிக்கற்களைக் கண்ணாடியில் வார்த்தார்கள். மேலே ஆளுநரின் பெயரும் முத்திரையும் பதித்தார்கள். இரும்பை இரகசியமாக அராவி எடுக்கலாம். கண்ணாடியில் கை வைத்தால் உடைவு காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்ணாடி எடைகளை இன்றும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் காணலாம்.

இன்னொரு சம்பவம். மேர்வ் நகரம், இன்றைய துர்க்மெனிஸ்தான். அங்கே அல்-அஸ்ஃபிஸாரி என்ற அறிஞர் இருந்தார். கவிஞர் என்று நாம் அறிந்த உமர் கையாமோடு சேர்ந்து நாட்காட்டித் திருத்த வேலை செய்தவர். தங்கத்தில் கலப்படம் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் ஒரு தராசை நீண்ட காலம் உழைத்துச் செய்தார். சுல்தானின் கருவூலக் காப்பாளன் தன் களவு வெளியாகிவிடும் என்று பயந்து அந்தத் தராசை உடைத்துப் போட்டான் என்றும், அந்தத் துக்கத்திலேயே அறிஞர் இறந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே மேர்வில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அல்-காஸினி என்பவர் அந்த வேலையைத் தொடர்ந்து, ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு நுட்பத் தராசை விளக்கி 1121 அளவில் ஒரு முழு நூலே எழுதினார். 'ஞானத் தராசு' என்பது அதன் பெயர். தராசை எப்படிச் செய்வது, எப்படிச் சமப்படுத்துவது, எப்படிச் சரிபார்ப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இன்று அளவுத்திருத்தம் என்று நாம் சொல்லும் வேலைக்கு 900 வருடங்களுக்கு முன்பே ஒருவர் நூல் எழுதியிருக்கிறார்.

இனி நம் காலத்துத் தராசுக்கு வருவோம்.

1856இல் வில்லியம் தொம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, ஒரு கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்று கண்டார். அதைத் தராசாக்க 80 வருடங்களுக்கு மேல் பிடித்தது. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிமன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, மெல்லிய கம்பியை ஒரு பொருளின் மேல் ஒட்டி அந்தப் பொருளின் நீட்சியை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ரூஜ் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தாங்கி எப்படி ஆடும் என்பதை. கொழுந்துக் கூடை அவர் நினைவிலேயே இருந்திருக்காது.

இன்றைய டிஜிட்டல் தராசில் இருக்கும் உலோகத் துண்டில் அப்படியான நான்கு ஒட்டிகள் இருக்கும். நான்கும் வீட்ஸ்டன் பாலமாக இணைக்கப்பட்டிருக்கும். சாக்கை மாட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். பாலத்திலிருந்து சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் வரும். அதை இலக்கமாக மாற்றுவது அனலாக்-டிஜிட்டல் மாற்றி. நாங்கள் வாங்கிய சிறு பலகை 24 பிற் கொண்டது, அதாவது 1,67,77,216 படிகள். ஆனால் அந்தப் பலகைக்குக் கிலோ என்றால் என்னவென்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் மென்பொருள் வழியான அளவுத்திருத்தம்.

அது இரண்டே எண்கள். முதலாவது பூச்சிய எண்: வெறும் தட்டுக்கு வரும் இலக்கம். எங்கள் தராசில் 84,200. இரண்டாவது பெருக்க எண்: ஒரு கிலோவுக்கு எத்தனை படி. 6,09,200இலிருந்து 84,200ஐக் கழித்தால் 5,25,000. அதை ஐந்தால் வகுத்தால் 1,05,000. இனி எதை வைத்தாலும் வருகிற இலக்கத்தில் முதல் எண்ணைக் கழித்து இரண்டாம் எண்ணால் வகுத்தால் கிலோ. தரம் ஏழு பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

தோட்டத்துத் தொழிற்சாலையில் இதன் மறுபக்கம் நடக்கிறது. வாட்டும் தொட்டிகளின் மின்விசிறியைக் கம்பியூட்டர் மூலம் கட்டுப்படுத்தும் இடங்களில், "பாதி வேகம்" என்ற இலக்கத்தை மின்னழுத்தமாக மாற்ற ஒரு பலகை தேவை. அது டிஜிட்டல்-அனலாக் மாற்றி. ஐந்து வோல்ட் கேட்டால் சில நேரம் 4.8தான் கொடுக்கும். நல்ல மீற்றரால் உண்மையில் வருவதை அளந்து, அதே இரண்டு எண்களை மென்பொருளில் எழுதித் திருத்துவார்கள். இங்கே தவறு நடந்தால் கொழுந்து சரியாக வாடாது, தேயிலையின் தரம் விழும், விலையும் விழும். ஆகவே அங்கே திருத்தம் செய்ய யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

மடுவத்துத் தராசில் தவறு நடந்தால் விழுவது வேறொருவரின் கூலி. எவ்வளவு விழும்? அந்த மகனின் கேள்விக்காக வகுப்பிலேயே செய்து பார்த்தோம்.

முதலில் பூச்சிய எண்ணை அரைக் கிலோ அளவுக்குத் தவறாக எழுதினோம். எதை வைத்தாலும் அரைக் கிலோ குறைந்தது. கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுத்தால் ஒன்றரைக் கிலோ. நாட்சம்பளத்துக்குக் குறித்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவர் உண்மையில் 19.5 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். இல்லாவிட்டால் அரைப்பேர். ஆனால் இந்தப் பிழை தட்டு வெறுமையாக இருக்கும்போதே திரையில் தெரிந்துவிடும்.

பிறகு பூச்சியத்தைச் சரியாக்கிவிட்டு, பெருக்க எண்ணை 1,05,000இலிருந்து 1,15,500 ஆக்கினோம். பத்து வீதம்தான் கூட்டினோம். வெறும் தட்டு அழகாக 0.00 காட்டியது. சரியாக 20 கிலோ வைத்தோம். 18.18 என்றது.

பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சியம் சரியாக இருந்தால் தராசு சரி என்று நம்மில் எல்லோரும் நினைக்கிறோம். அது விற்றராசுக் காலத்தில்கூட முழு உண்மையல்ல, இப்போது அறவே போதாது. பூச்சியப் பிழை எல்லோரிடமும் ஒரே அளவு எடுக்கும். பெருக்கப் பிழை அப்படியல்ல. 15 கிலோ கொண்டு வருபவரிடம் ஒன்றரைக் கிலோ வரை எடுக்கும், 30 கிலோ கொண்டு வருபவரிடம் மூன்று கிலோவுக்குக் கிட்ட எடுக்கும். கூடுதலாக உழைப்பவரே கூடுதலாக இழப்பார். திரையில் அதற்கு எந்த அடையாளமும் இராது.

நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாப் பிழையும் சூழ்ச்சியல்ல. தராசைக் கீழே போட்டால் உலோகத் துண்டு நிரந்தரமாக வளைந்துவிடும். காலைக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் பூச்சியம் நகரும். பற்றரி இறங்கும். தெரியாமல் பட்டனை அழுத்திவிடுவார்கள். பிழை தொழிலாளிக்குச் சாதகமாகவும் வரலாம். கொழும்பில் திருத்திய தராசை 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தால் புவியீர்ப்பு சற்றுக் குறைவதால் 20 கிலோவில் ஏறக்குறைய பத்து கிராம் குறைத்துக் காட்டும். பத்து கிராமுக்காக யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். ஆனால் ஒரு தராசு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே என்றென்றும் சரியாக இராது என்பதற்கு இதுவும் சாட்சி.

சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழிக்கும் கிலோ இதிலிருந்து வேறான விஷயம். அது இயந்திரத்தின் பிழையல்ல, மனிதர் எடுக்கும் முடிவு. முன்பு அதைக் கணக்கப்பிள்ளை வாயால் சொல்லிக் கழித்தார். கேட்டவர் வாதாடலாம், முணுமுணுக்கவாவது செய்யலாம். டிஜிட்டல் தராசில் அதை முன்கூட்டியே பதிந்து வைக்க முடியும். அப்போது திரையில் வருவது கழித்த பிறகு உள்ள இலக்கம் மட்டுமே. வாதாடுவதற்குக் கழிவு கண்ணில் படவே படாது. வெறும் சாக்கை மாட்டிக் காட்டி அதன் எடையை மட்டும் கழித்தால் அந்தப் பட்டன் நீதியானது.

இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம். அதன் கீழ் ஒரு திணைக்களம் இயங்குகிறது. வியாபாரத் தராசுகளை வருடந்தோறும் பரிசோதித்து முத்திரை இடுவது அவர்கள் வேலை. இது பசாரில் இருக்கிற நமக்கு நன்றாகத் தெரியும். முத்திரைக்கு ஆட்கள் வருகிற நாளில் படிக்கல்லையும் தராசையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள்தானே நாம். உலகத்தின் படிக்கல்லும் அப்படித்தான். 1875 மே 20இல் பாரிஸில் 17 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் தொடங்கி, 2019 மே 20இல் கிலோகிராமின் வரைவிலக்கணத்தையே உலோகக் கட்டியிலிருந்து இயற்கையின் ஒரு மாறிலிக்கு மாற்றினார்கள். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் கடை மேசையும் மலையடி மடுவமும்.

இங்கேதான் நம்மையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கொழுந்து எடுக்கும் ஒரு தாய் இரண்டு தராசுக்கு முன்னால் நிற்கிறாள். மலையில் அவள் உழைப்பு நிறுக்கப்படுகிறது. சம்பள நாளில் நம்முடைய கடையில் அவளுக்கு அரிசியும் மாவும் பருப்பும் நிறுக்கப்படுகின்றன. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எத்தனை வருடப் போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதி மேலே ஒரு தராசிலும் கீழே ஒரு தராசிலும் கரைந்துபோனால் ஏறியது எங்கே போனது?

அளவை நிறுவையில் குறைப்பவர்களின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது, அல்-முதஃப்பிஃபீன். வாங்கும்போது ஒரு கணக்கு, கொடுக்கும்போது ஒரு கணக்கு வைப்பவர்களைப் பற்றியது அது. ஷுஐப் நபி மத்யன் மக்களுக்குச் சொன்ன எச்சரிக்கையும் நிறுவையைப் பற்றித்தான். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாக வருவதும் தராசுதான். மதரஸாவிலும் அறநெறி வகுப்பிலும் இவற்றை ஓதுகிறோம். தராசுக்கு உள்ளே இருக்கும் இரண்டு எண்களும் அந்தப் பாடத்துக்குள் அடங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் இது.

செய்யக்கூடியது மூன்று காரியம்.

ஒன்று, திரை நிறுக்கிறவருக்கு மட்டுமல்ல, கொண்டு வந்தவருக்கும் தெரிகிற பக்கம் இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் பூச்சியத்தை இருவரும் பார்க்கட்டும்.

இரண்டு, பூச்சியத்தோடு நிற்காமல் தெரிந்த ஒரு பாரத்தையும் வைத்துப் பாருங்கள். முத்திரையிட்ட படிக்கல் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து லீற்றரைச் சரியாக அளந்து ஊற்றி, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பாருங்கள். இது சட்டப்படியான பரிசோதனையல்ல. ஆனால் ஒரு கிலோ பிழையைக் கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும். சின்னப் பாரத்தில் பெருக்கப் பிழை ஒளிந்துகொள்ளும், ஆகவே வழக்கமாக நிறுக்கும் அளவுக்குக் கிட்ட வைத்துப் பாருங்கள்.

மூன்று, முத்திரையைக் கேளுங்கள். எந்த வருடத்து முத்திரை என்றும் பாருங்கள். கேட்பது சண்டையல்ல. நேர்மையாக நிறுக்கிறவருக்கு அது பாதுகாப்பு. கடை வைத்திருக்கும் சகோதரர்களே, வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திராமல் நாமே அதைத் தெரிகிற இடத்தில் வைப்போம்.

அந்த மகனுக்கு நாங்கள் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "அந்த நம்பரை ஒரு மனிசன்தான் போட்டான் மகன். மனிசன் போட்டதை மனிசன் சரிபார்க்கலாம். எப்படி என்று இப்போது உனக்குத் தெரியும்."

அடுத்த நாள் அவன் வந்து சொன்னான்: "அம்மாக்கிட்ட சொன்னேன் சேர். இவ்வளவு நாளா தராசையே பாக்கலியாம். கணக்கப்பிள்ளை வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

தோட்டத்துப் பெரியவர்களே, உங்கள் மடுவத்தில் முன்பு எந்த மாதிரித் தராசு இருந்தது, இறாத்தல் எப்போது கிலோவானது, கழிவு எவ்வளவு இருந்தது என்பதையெல்லாம் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு கொப்பியில் சேர்த்து வைக்கிறார்கள். இந்தக் கதையின் மீதிப் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.